கேட்கலாம், ஆனால் வரப்பில் நின்றா?

கேள்வி: நடவுக்கு வந்த பெண்களிடம் “கொரோனா ஊசி போட்டாச்சா?” என்றேன். முகம் சுளித்தார்கள். கேட்டது தப்பா?
– வாசகர், பாபநாசம்

பதில்: தப்பில்லை. 2021 மார்ச்சில் அம்மாபேட்டைப் பெண்கள் பள்ளியில் மாணவிகளுக்கு வரிசையாகத் தொற்று வந்ததைப் பார்த்த மாவட்டம் உங்களுடையது. பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கூலி கொடுப்பவர் நாலு பேர் முன்னால் கேட்டால், ‘போடலேன்னா நாளைக்கு வராதே’ என்றுதான் காதில் விழும். ஊசி போட்டுக்கொள்ள யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு இடம் விட்டது. (மிராசுதாருக்கு அல்ல!) வீட்டில் வயதான அம்மா இருந்தால் அதைச் சொல்லி, தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். திறந்தவெளியில் தொற்று பரவுவதும் குறைவு; அதனால் வீட்டுக்குள் கூப்பிடாமல் டீயை வயலுக்கே அனுப்பிவிடுங்கள்.