காடையாம்பட்டிச் சிலந்தி: பயமும் ஆசையும்

சேலம், நாமக்கல் பக்கம் உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். தோட்டத்துப் பெரியவர் "கடிச்சா ஆளு தேறாதுங்க" என்பார். கல்லூரிக்குப் போகும் பேரனோ, வெளிநாட்டுக்காரர் ஒருவர் டரான்டுலாவைக் கைமேல் நடக்கவிடும் வீடியோவைக் காட்டி, "ஒண்ணும் பண்ணாதுங்க தாத்தா, வளர்க்கலாம்" என்பான். இருவர் சொல்வதும் தவறு. பேரன் சொல்வதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

"டரான்டுலா நம்ம ஊரில் ஏது? அமெரிக்கக் காட்டில் இருப்பதுதானே?"

இல்லை. லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த போகாக் என்ற விலங்கியலாளர் 1899இல் இந்தியாவின் மரவாழ் டரான்டுலாக்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று பொயிசிலோதீரியா ஃபார்மோசா. அதற்கு ஆதாரமான மாதிரி கிடைத்த இடம் சேலத்துக்கு அருகே உள்ள காடையாம்பட்டி. அதே ஆண்டில் அவர் பதிவு செய்த இன்னொரு வகை, பொயிசிலோதீரியா ரீகாலிஸ், அரக்கோணத்தில் கிடைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலந்தி வளர்ப்போர் காடையாம்பட்டிக்காரியை 'சேலம் ஆர்னமென்டல்' என்று ஊர்ப் பெயர் போட்டே விற்கிறார்கள், வாங்குகிறார்கள். சேலத்து மாம்பழத்துக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு வெளிநாட்டுச் சந்தை உண்டு. ஊருக்குத்தான் தெரியாது.

பொயிசிலோதீரியா பேரினம் மண்ணில் வளை தோண்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்தும், பட்டை விட்டுப்போன இடுக்கும்தான் வீடு. பகலில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. சாம்பல், வெள்ளை, கறுப்பு என்று உடம்பெல்லாம் கோலம். பாசி படர்ந்த பட்டையோடு அப்படியே ஒட்டிப்போகும். இருட்டிய பிறகு பொந்தின் வாயில் முன்னங்கால் நுனிகள் நான்கு மட்டும் வெளியே நீட்டியிருக்கும். டார்ச் அடித்தால் கண் சிமிட்டும் முன் உள்ளே போய்விடும். போக வழி இல்லாமல் மடக்கினால்தான் முன்னங்கால்களைத் தூக்கி, அடியில் இருக்கும் எலுமிச்சை மஞ்சளைக் காட்டும். எட்டிப் போ என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஒரு பூச்சி சொல்ல முடியாது. (பூச்சி என்பது பேச்சுவழக்குக்குத்தான், எட்டுக்காலுள்ளதைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை.)

"கடிச்சா சாவுதான்."

இந்தப் பேரினம் கடித்து யாரும் இறந்ததாக மருத்துவப் பதிவு இல்லை. ஆனால் வளர்ப்பவர்கள் சொல்வதுபோல 'தேனீ கொட்டின மாதிரி'யும் இல்லை. 2014இல் டாக்ஸிகான் ஆய்விதழ், இந்தப் பேரினத்தின் கடிகள் 26ஐத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்றை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வந்திருந்தது. கடித்தவுடன் அல்ல, பல மணி நேரம் கழித்து. கடிவாயில் வலி தணிந்து, அவ்வளவுதான் என்று தூங்கப் போன பிறகு கெண்டைக்காலும் தொடையும் முறுக்கிக்கொள்ளும். சிலருக்கு இது நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும். இதற்கென்று தனி விஷமுறிவு மருந்து கிடையாது. பாம்புக்கடி ஊசியால் பயனில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து தருவார்கள். கயிறு கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். பாடம் போட்டுக்கொள்வது மனத் தெம்புக்கு என்றால் மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

"எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்கு விட்டா கொப்புளம்."

காலையில் எழுந்தால் கழுத்தில் வரிவரியாக எரிச்சல், கொப்புளம். பழி சிலந்தி மேல். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெடெரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்கினால் இப்படிக் கோடுகோடாகப் புண்ணாகும். இன்னொரு காரணம் அக்கி; அது சின்னம்மை வைரஸ் உடம்பிலேயே தங்கியிருந்து திரும்பக் கிளம்புவது. அக்கி எழுதுபவரிடம் போவதற்குள் மருத்துவரிடம் போவது நல்லது, ஏனென்றால் முதல் மூன்று நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். இரண்டிலும் சிலந்திக்குப் பங்கில்லை.

டரான்டுலாவின் முடி பட்டால் அரிக்கும் என்பது அமெரிக்க வகைகளுக்குப் பொருந்தும். அவை வயிற்று முடியை உதறி எறியும். நம்முடையவற்றுக்கு அந்த முடி இல்லை. அதனால்தான் மிரண்டால் ஓடும், ஓட முடியாவிட்டால் கடிக்கும். வீடியோவில் கையில் நடப்பது பெரும்பாலும் மெக்சிகோக்காரி. அதைப் பார்த்து நம் மரச்சிலந்தியைக் கையில் எடுப்பது வம்பு.

"வளர்த்தால் பழகிவிடும்."

பழகாது. வளர்ப்பவரைத் தெரிந்துகொள்ளவும் செய்யாது. கையில் எடுப்பதால் அதற்குக் கிடைப்பது பதற்றம் மட்டுமே.

முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவர்களிடமும் தவறான பழக்கங்கள் உண்டு. 'மழைக்காட்டுப் பிராணி' என்று பெட்டிக்குள் நாள் தவறாமல் தண்ணீர் தெளிப்பது முதல் தவறு. ஈரம் தேங்கி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துச் சாகும். இதன் காடு சேலத்து வறண்ட மலையடிவாரம். அகலத்தைவிட உயரம் கூடின பெட்டி, இரு பக்கமும் காற்றுத் துளை, செங்குத்தாக ஒரு மரப்பட்டை, ஒரு கிண்ணம் தண்ணீர், இவ்வளவு போதும். வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சூட்டு விளக்கு வாங்குவது அடுத்த தவறு. ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது அது பொந்தின் ஆழத்தில் இருக்கும். ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக இடமில்லை.

தீனி தினமும் வேண்டாம். வளர்ந்ததற்கு வாரம் ஒருமுறை சுவர்க்கோழியோ கரப்பானோ போதும். வாரக்கணக்கில் தொடாமலும் இருக்கும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் மருந்து இருக்கும், வீட்டுக் கரப்பானில் ஸ்ப்ரே இருக்கும். இரண்டும் கூடாது. மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. அது தோல் உரிக்கிறது. சில மணி நேரத்தில் பழைய சட்டையைக் கழற்றிவிட்டு எழும். அப்போது பல் மெத்தென்று இருக்கும். உள்ளே ஒரு சுவர்க்கோழி கிடந்தால், அதுவே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்.

"பூச்சிக்கு ஏது சட்டம்?"

உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, இந்தப் பேரினம் முழுவதையும் அதன் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், சைட்டிஸ் உயிரினங்களுக்கென்று தனி அட்டவணை வைத்தது. உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு முன்பே, 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பார்சலைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தபோது, சிறு குப்பிகளுக்குள் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. எல்லாம் அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள்.

வளர்க்க வேண்டாம் என்பதற்குச் சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. காடையாம்பட்டிச் சிலந்தி, ஐ.யு.சி.என். பட்டியலில் அருகிவரும் இனம். ஆந்திரத்தில் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்து 1899இல் பதிவான, இதே பேரினத்து நீலச் சிலந்தி, அதன்பின் 100 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் திரும்பத் தெரிந்தது. இன்று வளர்ப்போர் சந்தையில் அது சாதாரணம், காட்டில் அழிவின் விளிம்பில். பெட்டிக்குள் எத்தனை பெருகினாலும் காட்டுக்கு ஒன்றும் சேரவில்லை. இவற்றுக்கு வேண்டியது பொந்துள்ள கிழட்டு மரம். நான்குவழிச் சாலைக்கும் வீட்டுமனைக்கும் நாம் முதலில் வெட்டுவது அதைத்தான்.

மழைக்காலத்தில் பெண்ணைத் தேடி அலையும் ஆண் சிலந்தி வீட்டுச் சுவரில் வந்து உட்காரலாம். செருப்பைத் தேடாதீர்கள். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி மூடுங்கள். பொழுது சாய்ந்ததும் பக்கத்திலுள்ள பழைய புளியமரத்தடியில் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். அந்த மரத்தின் பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதீர்கள்.