ரிப்பீட்டருக்குக் கம்ப்யூட்டர் மூளை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஹாம் ரேடியோ உரிமம் எடுத்திருக்கிறேன். எங்கள் நண்பர்கள் குழுவிடம் ஒரு கம்பெனி விற்றுவிட்ட பழைய மோட்டோரோலா செட்டுகள் இரண்டு இருக்கின்றன. இவற்றை ரிப்பீட்டராக்கி, என் கம்ப்யூட்டரையே கண்ட்ரோலராக வைக்க முடியுமா?"

முடியும். ஆனால் கம்ப்யூட்டரில் தவறு செய்தால் ரீஸ்டார்ட் செய்தால் போதும். இங்கே தவறு செய்தால் ஊரில் உள்ள அத்தனை பேருடைய அலைவரிசையும் அடைபட்டுப் போகும். நான் ஒருமுறை அடைத்திருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உரிமம் இல்லாதவர்கள் இந்தப் பாடத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். டிரான்ஸ்மிட் செய்து பார்க்கக் கூடாது.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது?

கையில் வைத்துப் பேசும் சிறிய செட்டின் சக்தி சில வாட் மட்டுமே. இடையில் கட்டடங்கள் இருந்தால் அதிக தூரம் போகாது. அதனால் உயரமான இடத்தில் ஒரு ரிசீவரையும் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் வைக்கிறார்கள். ரிசீவர் ஓர் அலைவரிசையில் கேட்பதை டிரான்ஸ்மிட்டர் அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திருப்பிச் சொல்கிறது. 2 மீட்டர் பேண்டில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பொதுவாக 600 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கத்தில் ஒன்று மற்றொன்றின் காதை அடைக்காமல் இருக்க டூப்ளெக்ஸர் என்ற வடிகட்டி வேண்டும். அது தனிப் பாடம்.

தொழிற்சாலைக்கும் டாக்ஸி கம்பெனிக்கும் விற்கப்படும் ரிப்பீட்டருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஹாம்களுக்குப் போதாது. ரிப்பீட்டர் தன் அழைப்புக் குறியீட்டைத் தானே அவ்வப்போது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பேச்சு நடக்கும்போது குறைந்தது 10 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒருவர் பேசி முடித்ததும் 'பீப்' ஒலி வர வேண்டும். யாராவது பட்டனை அழுத்தியபடியே தூங்கிவிட்டால் தானாக நிறுத்த வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் வீட்டிலிருந்தபடியே போன் கீபேட் ஒலிகளை அனுப்பி ரிப்பீட்டரை அணைக்கவும் முடிய வேண்டும். இந்த வேலைகளுக்கான மூளைதான் கண்ட்ரோலர்.

எஸ்-காம் 7330, ஆர்காம் ஆர்சி-210 போன்ற ரெடிமேட் கண்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. அவை நம்பகமானவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வீட்டில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் எஸ்விஎக்ஸ்லிங்க் என்ற இலவச லினக்ஸ் சாப்ட்வேரைப் போட்டாலும் இதே வேலைகள் நடக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரும் போதும். மின்சாரச் செலவும் குறைவு. விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் எக்கோலிங்க், ரேடியோவை இன்டர்நெட்டுடன் இணைப்பதற்கானது. அதற்கும் கீழே சொல்லும் ஒயரிங்தான்.

நான்கே சங்கதிகள்

எந்தக் கம்பெனி ரிப்பீட்டரானாலும், எந்தக் கண்ட்ரோலரானாலும், இரண்டுக்கும் இடையே ஓடுவது நான்கு சிக்னல்கள்தாம். கிரவுண்டைச் சேர்த்தால் ஐந்து. ரிசீவரிலிருந்து வரும் ஒலி ஒன்று. "யாரோ பேசுகிறார்கள்" என்று ரிசீவர் சொல்லும் சி.ஓ.ஆர். ஒன்று. டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஒலி ஒன்று. "இப்போது டிரான்ஸ்மிட் செய்" என்று கட்டளையிடும் பி.டி.டி. ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால், கனெக்டரில் எத்தனை பின் இருந்தாலும் மிரள வேண்டியதில்லை.

வாசகரிடம் இருக்கும் ஜிஎம் 300 செட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறம் 16 பின் கனெக்டர் உண்டு. ரிசீவராக வைக்கும் செட்டில் பின் 11-ல் ஒலி வருகிறது. பின் 8-ஐ சி.ஓ.ஆர். தரும்படி புரோகிராம் செய்துகொள்ளலாம். டிரான்ஸ்மிட்டராக வைக்கும் செட்டில் மைக் ஒலி பின் 2, பி.டி.டி. பின் 3. இரண்டிலும் கிரவுண்ட் பின் 7. பின் 15, 16 இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கினால் உள் ஸ்பீக்கர் மௌனமாகிவிடும். செட் கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்படாதீர்கள்.

"ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஒலியை எடுக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இந்தச் செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களுமே கிரவுண்டைத் தொடக்கூடாதவை. ஒன்றை கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு சேர்த்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போய்விடும். மேலும், யாராவது வால்யூமைத் திருகினால் ரிப்பீட்டர் முழுவதன் குரலும் மாறும்.

புரோகிராம் செய்வதில் ஒரு வேடிக்கை. ஜிஎம் 300-க்கான மோட்டோரோலாவின் சாப்ட்வேர் டாஸ் காலத்தது. வேகமான கம்ப்யூட்டர்களில் அது தடுமாறும். விண்டோஸுக்குள் டாஸ் ஜன்னலில் ஓட்டினால் செட்டின் உள்பதிவே பாழாகும் ஆபத்து உண்டு. அதனால்தான் பழைய 486 கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல், ஹாம்கள் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். உங்கள் புதுக் கம்ப்யூட்டர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆகாது!

கம்ப்யூட்டர் பக்கம்

பி.டி.டி.க்கு சீரியல் போர்ட்டைப் பயன்படுத்துவோம். இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்த 9 பின் போர்ட் பெரும்பாலும் இல்லை, யு.எஸ்.பி.-டு-சீரியல் கேபிள் வாங்க வேண்டும். சொருகியதும் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'போர்ட்ஸ்' என்பதன் கீழ் காம் 3, காம் 5 என்று எந்த எண் வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு யு.எஸ்.பி. துளையில் சொருகினால் எண் மாறிவிடக்கூடும். எனவே துளைக்கு அருகே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

9 பின் போர்ட்டில் பின் 7-க்கு ஆர்.டி.எஸ். என்று பெயர், பின் 5 கிரவுண்ட். சாப்ட்வேர் கட்டளையிட்டதும் ஆர்.டி.எஸ். பாசிட்டிவ் வோல்டேஜுக்கு ஏறும். மற்ற நேரத்தில் நெகட்டிவ். ரேடியோவின் பி.டி.டி.யோ கிரவுண்டைத் தொட்டால் வேலை செய்வது. இரண்டையும் நேராக இணைக்க முடியாது. இடையில் பி.சி. 817 என்ற ஆப்டோகப்ளர் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். ஆர்.டி.எஸ்.ஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் பின் 1. அதன் பின் 2 சீரியல் போர்ட்டின் கிரவுண்டுக்கு. மறுபக்கம் பின் 4 ரேடியோவின் பி.டி.டி.க்கு, பின் 3 ரேடியோவின் கிரவுண்டுக்கு. பின் 1-க்கும் 2-க்கும் குறுக்கே ஒரு 1 என் 4148 டயோடு, கோடு உள்ள முனை பின் 1 பக்கம் இருக்கும்படி. நெகட்டிவ் வோல்டேஜ் வரும்போது உள்ளே இருக்கும் எல்.இ.டி.யைக் காப்பது இதுதான். இதை விட்டுவிட்டவர்களின் ஆப்டோகப்ளர் நாளடைவில் காரணமே தெரியாமல் இறந்துபோகும்.

ஆப்டோகப்ளருக்குள் ஒளிதான் செய்தியைக் கடத்துகிறது. ஒயர் தொடர்பு இல்லை. அதனால் இரண்டு கிரவுண்டுகளும் பிரிந்தே இருக்கும். ஒலிக்கும் இதே பாதுகாப்பு தேவை. இரண்டு திசையிலும் 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்று போடுங்கள். போடாவிட்டால் 'ஹம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லோருடைய பேச்சுக்கும் பின்பாட்டுப் பாடும்.

சி.ஓ.ஆர். சிக்னலை இன்னொரு ஆப்டோகப்ளர் வழியாக போர்ட்டின் பின் 8-க்கு, அதாவது சி.டி.எஸ்.ஸுக்குக் கொண்டுவரலாம். ரேடியோவின் காலிலிருந்து நேராக எல்.இ.டி.யை எரிய வைக்காமல் இடையே ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர் போடுவது நல்லது. யாராவது பேசும்போது வோல்டேஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மல்டிமீட்டரில் முதலில் பாருங்கள். தலைகீழாக இருந்தால் கவலை இல்லை. எக்கோலிங்க், எஸ்விஎக்ஸ்லிங்க் இரண்டிலுமே அதைத் திருப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

குரல் ஏன் கரகரக்கிறது?

பலர் கைவிடும் இடம் இதுதான். எஃப்.எம். செட்டுகள் அனுப்பும்போது கீச்சுக் குரல் பகுதியை உயர்த்தி அனுப்புகின்றன. வாங்கும்போது அதே அளவு தாழ்த்துகின்றன. மைக் வழியாகப் போகும் ஒலிக்கு இந்த ஏற்றம் தானாகவே கிடைத்துவிடும். ஜிஎம் 300-ல் பின் 5 வழியாகச் செலுத்தினால் கிடைக்காது. அதேபோல் பின் 11-ல் வருவது தாழ்த்தப்பட்ட ஒலியா, பச்சையான ஒலியா என்பதை உள்ளே இருக்கும் ஜேயு 551 என்ற ஜம்பர் முடிவு செய்கிறது. பச்சை ஒலியை வாங்கி மைக் வழியாக அனுப்பினால் ஏற்றம் இரண்டு தடவை நடந்து, எல்லோரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். தாழ்த்தியதை வாங்கி பின் 5-ல் அனுப்பினால் போர்வைக்குள் பேசுவது போலிருக்கும். தாழ்த்தியதை வாங்கினால் மைக் பின்; பச்சையாக வாங்கினால் பின் 5. இந்த ஜோடியை மாற்றாதீர்கள்.

சவுண்ட் கார்டு சுமார் 1 வோல்ட் வரை தரும். மைக் பின்னுக்கு 80 மில்லிவோல்ட் அளவே போதும். 10 கிலோ ஓம் டிரிம்மர் ஒன்றைப் போட்டு, பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருகி ஏற்றுங்கள். மைக் பின்னில் டி.சி. வோல்டேஜும் இருக்கும் என்பதால் நடுவில் ஒரு கெபாசிட்டர் அவசியம். ஒரு நண்பரை முதலில் நேரடியாகவும், பிறகு ரிப்பீட்டர் வழியாகவும் பேசச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டரின் சொந்தக் குரலையும் அடக்க வேண்டும். விண்டோஸில் சவுண்ட் ஸ்கீமை 'நோ சவுண்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ரேடியோவுக்கென்று தனி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கி, அதை டிஃபால்ட்டாக வைக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கும் சினிமாப் பாட்டு ஊர் முழுக்க ஒலிக்கும். ஸ்லீப் மோடை நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

அன்று இரவு நடந்தது

இப்போது என் கதை. எங்கள் குழுவின் ரிப்பீட்டர் ஒரு நண்பரின் மாடியில் இருந்தது. சோதனை செய்யும்போது பேச்சு மூன்று நிமிடத்தில் வெட்டுப்படுகிறதே என்று, டிரான்ஸ்மிட்டர் செட்டில் இருந்த டைம்-அவுட் டைமரை நான்தான் புரோகிராமில் எடுத்துவிட்டேன். "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று நினைப்பு. பலத்த மழை பெய்த ஓர் இரவில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்ட்வேர் உறைந்துவிட்டது. ஆர்.டி.எஸ். உயர்ந்த நிலையிலேயே நின்றது. விடியும்வரை எங்கள் டிரான்ஸ்மிட்டர் பேச்சில்லாத வெறும் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தது. தண்ணீர் புகுந்த தெருக்களைப் பற்றிச் சொல்ல முயன்ற நண்பர்கள் யாருக்கும் வழி கிடைக்கவில்லை. நண்பரோ ஊரில் இல்லை. காலையில் பூட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினோம். செட்டின் பவர் டிரான்சிஸ்டர் போய்விட்டிருந்தது.

செட் போனதில் ஆச்சரியம் இல்லை. ஜிஎம் 300 காரில் வைத்துப் பேசுவதற்காகச் செய்தது. கொஞ்சம் பேசி, அதிக நேரம் கேட்பதே அதன் வழக்கம். ரிப்பீட்டராக வைத்தால் பவரைக் குறைத்து, பின்னால் ஒரு ஃபேனும் வைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, டைமர் ரேடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். எஸ்விஎக்ஸ்லிங்கின் டிரான்ஸ்மிட்டர் பகுதியிலும் டைம்-அவுட் வரி உண்டு. அதையும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உறைந்துபோன கம்ப்யூட்டருக்குத் தன் டைமரை எண்ணத் தெரியாது. கம்ப்யூட்டரில் 3 நிமிடம் என்றால் செட்டில் அதற்குச் சற்று அதிகமாக வையுங்கள். அப்போது சாதாரண நாளில் கம்ப்யூட்டர் மரியாதையாக அறிவித்து நிறுத்தும். கெட்ட நாளில் செட் முரட்டுத்தனமாக நிறுத்தும்.

ஆன்டெனாவை மாட்டுவதற்கு முன் டம்மி லோடை மாட்டி மூன்று சோதனைகள் செய்யுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பூட் ஆகும்போது டிரான்ஸ்மிட் விளக்கு கண் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால், டிரான்ஸ்மிட்டரின் பவரை ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகத் தரும் டைமர் ரிலே வேண்டும். அடுத்து, டிரான்ஸ்மிட் ஆகும்போதே யு.எஸ்.பி. கேபிளைப் பிடுங்குங்கள், விளக்கு உடனே அணைய வேண்டும். கடைசியாக, பி.டி.டி. பின்னைக் கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் வைத்த நேரத்தில் செட் தானாக நின்றால் ஆன்டெனாவை மாட்டலாம். நிற்காவிட்டால் அந்த 486-ஐ மறுபடி துணி விலக்கி எடுக்க வேண்டியதுதான்.