ஓய்வு பெற்றபின் அன்றாட உடுப்பு

அலுவலகத்துக்குப் போட்ட டெர்ரிகாட்டன் முழுக்கைச் சட்டைகள் அலமாரியை அடைத்துக்கொண்டு தொங்கும். கல்யாணம் காட்சிக்கென மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வையை உறிஞ்சாத துணியோடு நாள் முழுக்க இருக்க வேண்டாம்.

அன்றாடத்துக்குப் பருத்தி அரைக்கைச் சட்டையே சுகம். தைக்கக் கொடுக்கும்போது இரண்டு பை கேளுங்கள்: கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் ஒன்று, போனுக்கு ஒன்று. விரல் மூட்டு வலிப்பவர்கள் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

வேட்டியில்தான் கவனம் அதிகம் வேண்டும். எட்டு முழம் விசேஷத்துக்கு இருக்கட்டும். கடைக்கும் கோயிலுக்கும் நாலு முழம் போதும். இடுப்பில் நிற்காமல் நழுவினால் வெல்க்ரோ வைத்த வேட்டி வாங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கரை கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். மாடிப்படி இறங்கும்போது கரை காலில் சிக்கினால் இடுப்பெலும்பே முறியலாம். லுங்கிக்கும் இதே கணக்குதான்.

அடி தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றே தூக்கிப்போடுங்கள். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதே நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் விரலிடுக்கில் உரசாததாகப் பாருங்கள். விடிகாலை நடைக்கு வெளிர்நிறச் சட்டை போட்டால் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும்.

புதுத்துணி எடுக்க அவசரமில்லை. தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. கைத்தறி வேட்டிகளை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.