ஒரே கேள்விக்கு இரு விடை

கணக்குப் பாடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் உண்டு. அதே கேள்விக்குக் காலையில் ஒரு விடையும் மாலையில் வேறொரு விடையும் எழுதும் மாணவியை ஆசிரியை என்ன செய்வார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கணிப்பொறி நிரல் எழுதுவோரிடம் அப்படிப்பட்ட ஒரு மாணவி உண்டு. ஆங்கிலத்தில் 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்பர். நாம் அதனை 'நிலையில்லாச் சோதனை' என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் நாங்கள் ஏமாந்த கதையை இவ்விதழில் நம் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் சோதனை என்பது யாது எனக் காண்போம். எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் பார்ப்பது ஆகாத காரியம். ஆகவே, விடை முன்னமே தெரிந்த கேள்விகளை நிரலிடம் கேட்டுச் சரிபார்க்கும் சின்னஞ்சிறு நிரல்களையும் கூடவே எழுதி வைத்துவிடுவர். சான்றாக, மார்ச் 1ஆம் நாள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தை 14 நாளில் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். 18ஆம் நாள் திருப்பினால் எவ்வளவு? மூன்று ரூபாய். நிரலும் மூன்று என்றால் திரையில் பச்சை. வேறு எதைச் சொன்னாலும் சிவப்பு. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமலிருக்க, ஒரே சோதனை ஒருமுறை பச்சையும் மறுமுறை சிவப்புமாகக் காட்டினால் அதுவே நிலையில்லாச் சோதனை.

நம் நூலகத்திற்காக நாங்கள் பைத்தான் மொழியில் பதிவு நிரல் ஒன்றை எழுதினோம். பதிவுகளை வைக்க எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம். கணிப்பொறியை இயக்கியதும் சோதனைகள் தாமாகவே ஓடும்படி செய்திருந்தோம். சில நாள் சென்றதும் விடுதிச் சகோதரி எங்களை அழைத்து, "பிள்ளைகளே, காலையில் சிவப்பு வருகிறதே?" என்றார். நாங்கள் பத்து மணிக்குப் போய் ஓட்டினோம், பச்சை. "மறுபடி ஓட்டிப் பாருங்கள் சிஸ்டர், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாளும் சிவப்பு. திருப்பலி முடிந்து வந்து ஓட்டினாராம், பச்சை. எங்கள் சொல் பலித்துவிட்டது என்று எங்களுக்குப் பெருமை வேறு!

இதற்கிடையில் விடுதியிலுள்ள ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, நான் சரியான நாளில்தான் கொடுத்தேன், எனக்கு ஏன் ஒரு ரூபாய்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். திரையைத் திருப்பிக் காட்டி, "கணிப்பொறி பொய் சொல்லுமா?" என்றோம். அவள் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சகோதரி எங்களைப்போல் அல்லர். சிவப்பு வந்த ஒவ்வொரு முறையும் நாளையும் மணியையும் ஒரு பழைய நோட்டில் குறித்துவந்தார். 5.05, 4.55, 5.20, 5.10. ஐந்தரைக்குப் பின் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த எங்கள் ஆசிரியை, "ஐந்தரை என்பது எதன் வித்தியாசம்? புவியியலில் படித்தீர்களே!" என்றார்.

அப்போதுதான் விளங்கிற்று. இந்திய நேரம், கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எஸ்க்யூலைட்டிடம் இன்றைய தேதியைக் கேட்டால் அது பொது நேரப்படியே சொல்லும். பைத்தானோ, நம் கணிப்பொறியின் கடிகாரப்படி சொல்லும். புத்தகம் கொடுத்த தேதியைத் தரவுத்தளத்திடமும் திருப்பிய தேதியைப் பைத்தானிடமும் நாங்கள் கேட்டிருந்தோம். நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை இரண்டும் வெவ்வேறு நாளைச் சொல்லும். 'இப்போது கொடுத்து இப்போதே திருப்பினால் கையிலிருந்த நாள் பூச்சியம்' என்ற சோதனை அந்நேரத்தில் 'ஒன்று' என்று சொல்லிச் சிவந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சகோதரி திருப்பலிக்கு முன், ஐந்து மணிக்கே புத்தகம் கொடுத்துவிடுவார். ஆகையால் அப்பிள்ளைகளுக்குத் தவணையில் ஒருநாள் குறைந்தது. சோதனை மெய்யைத்தான் சொல்லிற்று. பொய் சொன்னது நாங்கள் எழுதிய நிரல். தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அவளைப்போல் இன்னும் நால்வர் இருந்தனர்.

எங்களுக்குப் போனது ஐந்து ரூபாய். உயிரே போன வரலாறும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் தெராக்-25 என்ற இயந்திரம், 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் மாண்டனர். அந்த இயந்திரம் அடிக்கடி ஏதேனும் ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நிற்கும். 'பி' என்ற விசையைத் தட்டினால் மீண்டும் ஓடும். இயக்குவோர் தட்டித் தட்டிப் பழகிவிட்டனர். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 'கோளாறு 54' என்ற செய்தி வந்தபோதும் அவ்விசையே தட்டப்பட்டது. நோயாளிக்கு இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. நிறுவனத்தார் வந்து பார்த்தபோது கோளாறு தலைகாட்டவில்லை. அடுத்த மாதம் இன்னொருவருக்கும் அதே கதி நேர்ந்த பின், அம்மருத்துவமனையின் பௌதிக நிபுணரும் இயக்குபவரும் விடாது முயன்று காரணத்தைக் கண்டனர். தட்டச்சு செய்ததை எட்டு நொடிக்குள் விரைவாகத் திருத்தினால் அத்திருத்தத்தை நிரல் கவனிக்கவில்லை! மெதுவாகத் தட்டியவர் கையில் இயந்திரம் நல்லபிள்ளையாக இருந்தது.

எல்லா நிலையில்லாச் சோதனையும் இப்படி நிரலின் குற்றத்தையே காட்டும் என்று சொல்ல மாட்டோம். சோதனையை எழுதியவர் மேலும் குற்றம் இருக்கலாம். 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பாச்சி அமைப்பின் நிரல்களில் இத்தகைய சோதனைகளைத் திருத்திய 201 திருத்தங்களை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 45 விழுக்காட்டில் காரணம், ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு அது முடியும் வரை சரியாகக் காத்திராமைதான். 'இரண்டு நொடி பொறு' என்று எழுதிவிடுகிறோம். கணிப்பொறிக்கு வேலை மிகுந்த நாளில் மூன்று நொடி ஆகிவிடுகிறது. இரண்டைப் பத்தாக்குவது சோம்பேறி வைத்தியம். நம் அம்மா கடிகாரத்தைப் பார்த்தா சோறு வடிக்கிறார்? ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பதம் பார்க்கிறார். சோதனையும் அவ்வாறே 'முடிந்ததா, முடிந்ததா' என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிடமாகியும் முடியாவிட்டால் சிவக்கட்டும்.

ஒரு சோதனை விட்டுச்சென்ற குப்பையில் அடுத்த சோதனை வழுக்கி விழுவதும் உண்டு. ஒன்று அலமாரியில் புத்தகம் வைத்துவிட்டுப் போகும். அடுத்தது 'அலமாரி காலி' என்று நம்பி வரும். தனியே ஓட்டினால் பச்சை, சேர்த்து ஓட்டினால் சிவப்பு. ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே துடைத்துவிட்டுத் தொடங்கினால் தீர்ந்தது.

'பெரியவர்களுக்கும் இத்தொல்லை உண்டா?' என்று கேட்கலாம். கூகுள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களுடைய சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டில் இந்த நிலையின்மை ஓரளவேனும் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய நிகழ்ச்சிகளில் 84 விழுக்காட்டில் நிலையில்லாச் சோதனைக்குப் பங்கு இருந்தது. புலி வந்தது என்று நூறுமுறை கூவுவதில் எண்பத்துநான்கு முறை இப்படி என்றால், மற்றப் பதினாறுக்கு யார் ஓடிவருவார்?

மறுபடி ஓட்டவே கூடாது என்பது எங்கள் கட்சி அன்று. ஓட்டலாம், ஆனால் முதலில் குறித்துவைக்க வேண்டும். தொல்லை தரும் சோதனையைச் சில நாள் ஒதுக்கியும் வைக்கலாம். யார் பார்ப்பது, எந்த நாளுக்குள் என்று எழுதாமல் ஒதுக்கினால், அது மாடியறையில் போட்ட உடைந்த நாற்காலிதான்.

இப்போது எங்கள் நிரல் தேதியை ஒரே கடிகாரத்திடம் கேட்கிறது. சோதனையோ கடிகாரத்தையே பார்ப்பதில்லை. காலை 5.29 என்றும் 5.31 என்றும் நேரத்தை நாங்களே கொடுத்து, இரண்டுக்கும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்கிறோம். சகோதரியின் நோட்டு கணிப்பொறியின் பக்கத்திலேயே கயிற்றில் தொங்குகிறது. சென்ற வாரம் அதில் புதிதாக ஒரு வரி: முற்பகல் 11.20, சிவப்பு. காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து இருவர் அதைப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.