ஐ.சி.க்குத் துடிப்பு தருவது எப்படி?
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எண்ணும் ஐ.சி. எதற்கும் சீரான துடிப்பு வேண்டும். துடிப்பு தவறினால், எண்ணிக்கை சரியாயிருந்தும் நேரம் தவறும். அத்துடிப்பைப் பெறும் வழிகளைச் சி.டி.4060 என்னும் பதினாறு கால் ஐ.சி.யைக் கொண்டு காண்போம். அலையியற்றிப் பகுதியும், ஒவ்வொன்றும் இரண்டால் வகுக்கும் பதினான்கு நிலைகளும் இதனுள் அடங்கியுள்ளன.

முதல் வழி, வீட்டு மின்சாரம். நம் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியது. அது தருவதும் நொடிக்கு 50 அலைகளே. மின்மாற்றியால் குறைத்து, சதுர அலையாக்கி, 11-ஆம் காலில் கொடுக்கலாம். ஆனால் சுமை ஏறினால் டர்பைன்களின் வேகம் சற்றுக் குறையும், அதிர்வெண்ணும் குறையும். நாள் முழுதும் 49.9 ஹெர்ட்ஸாக நின்றால் கடிகாரம் 173 நொடி பின்தங்கும். மின்சாரம் போனால் துடிப்பே இராது. மேலும், 50-ஆல் வகுக்க வேறொரு ஐ.சி. வேண்டும்.

இரண்டாவது, மின்தடையும் மின்தேக்கியும். 10-ஆம் காலில் தடை, 9-இல் தேக்கி, 11-இல் பெரிய தடை ஒன்று. மூன்றின் மறுமுனைகளும் ஒன்றாகச் சேரும். ஒரு துடிப்பின் காலம், தடை, தேக்கி இவற்றின் பெருக்கலைப்போல் சுமார் 2.3 மடங்கு. செலவு குறைவு, ஆனால் 5 விழுக்காடு பிழை நாளொன்றுக்கு 72 நிமிடமாகும்.

மூன்றாவது, 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். 10, 11 கால்களுக்கிடையே படிகமும் 10 மெகா ஓம் தடையும் வரும். பதினான்காம் நிலையின் வெளியீடான 3-ஆம் காலில் நொடிக்கு 2 துடிப்புகள் கிடைக்கும். இன்னுமொரு பிளிப்-பிளாப் அதை ஒன்றாக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையென்றாலும் நாளுக்கு 1.7 நொடிதான்.

அப்படியானால் எப்போதும் படிகம்தானா? இல்லை. இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது கிணற்று மோட்டாரை நிறுத்துவதற்கென்றே என் தந்தையார் விழித்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் தவறினால் பயிருக்குக் கேடில்லை. இதற்கு இரண்டாம் வழியே போதும். 12-ஆம் காலில் மீட்டமைப்பு முடிந்து 8,192 துடிப்புகளில் 3-ஆம் கால் உயரும். 0.47 மைக்ரோபாரட் தேக்கியுடன் சுமார் 406 கிலோ ஓம் தடை ஒரு மணி நேரம் தரும். 11-இல் 1 மெகா ஓம் போதும்.

3-ஆம் காலிலிருந்து 11-ஆம் காலுக்கு ஒரு டயோடு இட்டால் எண்ணிக்கை அங்கேயே நிற்கும். வெளியீட்டின் மின்னோட்டம் சிறிது. ரிலேயை அது நேரே இயக்காது. 4.7 கிலோ ஓம் வழியே டிரான்சிஸ்டரை இயக்கி, அதன்வழி ரிலேயை இயக்குக. ரிலே சுருளின் குறுக்கே எதிர்த்திசை டயோடு அவசியம். ரிலேயின் மூடிய தொடுமுனை, ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் காயிலோடு தொடராக அமையட்டும். ரிலே இழுத்ததும் மோட்டார் நிற்கும். அந்த இணைப்பை மட்டும், மெயினை அணைத்தபின், எலக்ட்ரீஷியன் கையால் செய்வதே நலம்.