பின்புலத்தில் நிற்கும் பொருள்: ஓர் இசைக் காணொளியை உள்ளுறை வழி வாசித்தல்

பாடலைக் கேட்டு மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பாடலைப் பார்க்கிறோம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இசைக் காணொளி பெரும்பாலும் இசைத்தட்டை விற்கும் விளம்பரமாகவே கருதப்பட்டது. 1983இல் மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஏறத்தாழ 14 நிமிடக் குறும்படமாகவே வெளிவந்தது. அதன் பிறகு இசைக் காணொளியை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க இயலவில்லை. கதை, நடனம், ஒளிப்பதிவு, ஒப்பனை, இசை ஆகிய அனைத்தும் நான்கைந்து நிமிடங்களுக்குள் கூடி வரும் தனிக் கலைவடிவமாக அது வளர்ந்துவிட்டது. ஆயினும் நாம் அதைப் பார்க்கும் முறை அதே அளவுக்கு வளர்ந்திருக்கிறதா?

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும், பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவள். இடைநிலைப்பள்ளியில் மற்ற பாடங்கள் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குச் செல்லும் பேருந்தை எண்ணிக்கொண்டே தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்போம். முதற்பொருள், கருப்பொருள், உள்ளுறை, மெய்ப்பாடு போன்ற சொற்களைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். தேர்வு முடிந்ததும் அவையும் முடிந்துவிட்டன. பல்கலைக்கழகத்தில் காட்சி ஊடகம் பற்றிப் பேச நேரும்போது ஆங்கிலத்திலிருந்தோ மலாயிலிருந்தோ சொல்லைக் கடன் வாங்குகிறோம். தமிழில் கற்ற இலக்கணம் பழம்பாடல்களுக்கு மட்டும்தான் பயன்படுமா? இன்று உலகமே பார்க்கும் ஒரு காட்சியைப் படிக்கவும் அது உதவாதா? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

எடுத்துக்கொண்ட காணொளி

சோதனைக்காக, தமிழோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு காணொளியையே தேர்ந்தெடுத்தேன். சைல்டிஷ் காம்பினோ என்ற பெயரில் பாடும் டொனால்ட் குளோவரின் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ 2018 மே 5ஆம் நாள் வெளியானது. இயக்கியவர் ஹிரோ முராய். நடனம் அமைத்தவர் ருவாண்டாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஷெரி சில்வர். 2019 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் இப்பாடல் நான்கு விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று சிறந்த இசைக் காணொளிக்கான விருது. முராய்க்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் இது நல்ல சோதனை.

காட்சிச் சுருக்கம் இதுதான். ஒரு பெரிய கிடங்கு. நாற்காலியின் மீது ஒரு கிட்டார். ஒருவர் வந்து அமர்ந்து வாசிக்கிறார். மேலாடை அணியாத காம்பினோ ஆடிக்கொண்டே அவர் பின்னால் செல்கிறார். இப்போது வாசித்தவரின் தலை உறையால் மூடப்பட்டிருக்கிறது. காம்பினோ துப்பாக்கியை எடுத்து அவரைச் சுடுகிறார். மறுநொடியே ஆட்டம் தொடர்கிறது. பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள் அவரோடு சேர்ந்து ஆடுகின்றனர். பின்னால் கலவரம் மூள்கிறது. பாடிக்கொண்டிருக்கும் தேவாலயப் பாடகர் குழு ஒன்று சுட்டு வீழ்த்தப்படுகிறது. மீண்டும் ஆட்டம். இறுதியில் இருளுக்குள் உயிர் தப்ப ஓடுகிறார் காம்பினோ.

உள்ளுறை தரும் வழி

மருதத்திணைப் பாடல்களில் எருமையைக் காணாமல் இருக்க முடியாது. ஐங்குறுநூற்றில் எருமைப் பத்து என்று ஒரு பகுதியே உண்டு. வயலிலே மலர்ந்த பூவை எருமை மேய்ந்து சிதைப்பதாகத் தோழி ஒரு காட்சியைச் சொன்னால், அவள் வேளாண்மை பற்றிப் பேசவில்லை என்று நாம் படித்திருக்கிறோம். எருமை தலைவன், சிதைந்த மலர் தலைவியின் மனம். அவனைக் குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் வெளிப்படையாக வராது. பின்புலமாக வந்த இயற்கைக் காட்சியே குற்றச்சாட்டு. இதுவே உள்ளுறை. சொல்லும் செய்தி முன்னால் நிற்க, சொல்ல வந்த பொருள் பின்னால் நிற்கிறது.

‘திஸ் இஸ் அமெரிக்கா’ காணொளியின் கட்டமைப்பும் இதுவே என்பது என் கருத்து. முன்னால் ஆட்டம், பின்னால் பொருள். முதல் முறை பார்க்கும்போது நம் கண் காம்பினோவின் உடலசைவையும் முகத்தையும் விட்டு அகல்வதில்லை. பின்னால் மக்கள் ஓடுவதையும் கார்கள் நிற்பதையும் கவனிக்க இரண்டாம் முறை பார்க்க வேண்டும். அப்போதுதான் நாம் எதைக் காணாமல் விட்டோம் என்பது தெரிகிறது. கேளிக்கையைக் காட்டினால் வன்முறையை மறந்துவிடுவீர்கள் என்று காணொளி நம்மிடம் வாதம் செய்யவில்லை. நம் கண்களைக் கொண்டே அதை மெய்ப்பித்துவிடுகிறது.

முதற்பொருள்: கிடங்கு

நிலமும் பொழுதும் முதற்பொருள். இங்கே நிலம் என்பது வெறுமையான ஒரு கிடங்கு. வீடில்லை, தெருவில்லை, மரமில்லை. கிடங்கு பொருள்களை அடுக்கி வைக்கும் இடம். மனிதர் வாழும் இடமன்று. ஒரு நாட்டின் பெயரைத் தலைப்பில் சூட்டிவிட்டு, அந்நாட்டின் கொடியையோ கட்டடத்தையோ அடையாளமாக நிறுத்தாமல் கிடங்குக்குள் அழைத்துச் செல்வதே முதல் குறியீடு. தொடக்கத்தில் வெளிச்சம் பரவியிருக்கும் அவ்விடம், ஓடும் காட்சி வரும்போது இருண்டுவிடுகிறது. ஒளியின் மாற்றமே இங்கே பொழுதின் மாற்றமாக நிற்கிறது.

கருப்பொருள்: இரு வகைக் குறியீடுகள்

காட்சியில் வரும் பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒன்று, வெளியிலிருந்து பொருளைச் சுமந்து வரும் மரபுக் குறியீடு. மற்றொன்று, படைப்புக்குள்ளேயே பிறந்து வளரும் குறியீடு.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, சுடும்போது காம்பினோ உடலை வளைத்து நிற்கும் நிலை. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்து ‘ஜிம் குரோ’ என்ற பாத்திரமாக மேடையில் ஆடினார். பின்னாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. அக்காலப் படங்களில் காணப்படும் ஜிம் குரோவின் வளைந்த உடலை இந்நிலை நினைவூட்டுவதாகப் பலரும் எழுதியுள்ளனர். இன்னோர் எடுத்துக்காட்டு, பின்புலத்தில் முகத்தை மறைத்த ஒருவர் ஏறிச் செல்லும் வெள்ளைக் குதிரை. பைபிளின் திருவெளிப்பாட்டு நூலில் மரணம் வெளிறிய குதிரையின் மீது வருகிறது. அந்நூலை அறிந்தவருக்கு அக்குதிரை சாவு. அறியாதவருக்கு வெறும் குதிரை. உள்ளுறைக்குரிய கருப்பொருள்களில் தெய்வத்தைத் தொல்காப்பியர் விலக்கி வைத்தது இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. சமயம் தரும் பொருள் முன்பே முடிவான பொருள். எருமையும் மலரும் அவ்வாறல்ல. பாடலுக்குள்தான் அவை பொருள் பெறுகின்றன.

இரண்டாம் வகைக்குச் சிவப்புத் துணியே சான்று. முதல் கொலை முடிந்ததும் சீருடை அணிந்த ஒருவர் ஓடி வந்து, சிவப்புத் துணியை விரித்துத் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்கிறார். இறந்தவரின் உடலோ தரையில் இழுத்துச் செல்லப்படுகிறது. பாடகர் குழு கொல்லப்பட்ட பிறகும் துப்பாக்கிக்கு அதே துணி வருகிறது. சிவப்புத் துணிக்கு அகராதியில் இப்பொருள் இல்லை. ஆயுதத்திற்குக் கிடைக்கும் மரியாதை மனித உடலுக்குக் கிடைக்கவில்லை என்ற பொருளை, ஒரே செயலை இரு முறை செய்துகாட்டிக் காணொளியே உருவாக்குகிறது. திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுவே குறியீடாகிறது என்பதை இங்கே கற்கலாம்.

மேல்தளத்தில் முகத்தைத் துணியால் மூடிய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கீழே நடப்பதைப் படம் பிடிக்கின்றனர். 2018இல் இதைக் கண்ட பலர், உதவிக்குச் செல்லாமல் வேடிக்கை பார்க்கும் தலைமுறையின் குறியீடாகக் கொண்டனர். 2020 மே 25ஆம் நாள் மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல் அதிகாரி ஒருவரால் கொல்லப்பட்டபோது, 17 வயதுப் பெண் ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்த பதிவுதான் உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2021 ஏப்ரலில் அவ்வதிகாரி குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். இன்று அதே காட்சியைப் பார்க்கையில் அப்பிள்ளைகள் சாட்சிகளாகத் தெரிகின்றனர். காணொளி மாறவில்லை, குறியீட்டின் பொருள் மாறிவிட்டது.

கேமராவும் இசையும்

காட்சி உத்திகளுள் முதன்மையானது நீண்ட ஒற்றைக் காட்சி. வழக்கமான இசைக் காணொளிகளில் ஓரிரு நொடிக்கு ஒரு வெட்டு வரும். இங்கே கேமரா காம்பினோவைப் பின்தொடர்ந்து இடைவிடாமல் நகர்கிறது. வெட்டுகள் கண்ணில் படாதவாறு அமைக்கப்பட்டுள்ளன. வெட்டு என்பது பார்வையாளனுக்கு ஓய்வு. அது இல்லாதபோது, கொலையிலிருந்து ஆட்டத்திற்கு இடைவெளியின்றி நாமும் இழுத்துச் செல்லப்படுகிறோம். துக்கப்படுவதற்கு ஒரு நொடியும் தரப்படுவதில்லை.

இசையும் இதற்குத் துணை நிற்கிறது. கிட்டாரும் கூட்டுக் குரலும் இழையும் இனிய மெட்டு, துப்பாக்கி வெடித்த அக்கணமே கனத்த தாளத்திற்கு மாறுகிறது. பிற்பகுதியில், துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை மட்டும் நீட்டுகிறார் காம்பினோ. இசை நிற்கிறது, எல்லோரும் சிதறி ஓடுகின்றனர். கையில் ஆயுதம் இல்லாத இக்காட்சியே, எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தந்தது.

மெய்ப்பாடு

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. காம்பினோவின் முகத்தில் உவகையும் வெகுளியும் ஒரே நொடிக்குள் மாறி மாறி வருகின்றன. சிரிப்பு விரிந்து, கண் பிதுங்கி, மீண்டும் சிரிப்பாகிறது. காரணமின்றி மாறும் மெய்ப்பாட்டை நாம் நம்புவதில்லை. அச்சிரிப்பு ஒரு முகமூடி என்பதை அதனாலேயே உணர்கிறோம். ஆனால் இறுதியில் இருளில் ஓடும்போது ஒரே மெய்ப்பாடுதான் எஞ்சுகிறது: அச்சம். முகமூடி கழன்ற இடம் அது. பிறரைச் சுட்டவனாக வந்தவன் துரத்தப்படுபவனாக முடிகிறான். உரிப்பொருளை ஒரு சொல்லில் கூறச் சொன்னால், ‘அச்சம்’ என்றே கூறுவேன்.

ஓர் எச்சரிக்கை

குறியீடு தேடத் தொடங்கியவருக்கு எல்லாமே குறியீடாகத் தெரியும் ஆபத்து உண்டு. காணொளி வெளியான சில நாள்களில், கிட்டார் வாசித்தவர் 2012இல் புளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்ட டிரேவன் மார்ட்டினின் தந்தை என்ற செய்தி பரவியது. அது உண்மையன்று, அவர் ஓர் இசைக்கலைஞர். பாடகர் குழு சுடப்படும் காட்சியை 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 பேர் கொல்லப்பட்ட நிகழ்வோடு பலரும் இணைத்துப் பார்க்கின்றனர். காட்சியில் தேவாலயப் பாடகர் உடையும் பாட்டும் இருப்பதால் இவ்விளக்கம் நிற்கிறது. கிட்டார் கலைஞர் பற்றிய விளக்கத்திற்குக் காட்சிக்குள் எந்தச் சான்றும் இல்லை. உரையாசிரியர்கள் பாடலிலிருந்து சான்று காட்டியே பொருள் உரைத்தனர். நாமும் திரையிலிருந்து சான்று காட்டப் பழக வேண்டும்.

நம் பக்கம்

தமிழ்க் காணொளி ஒன்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலைத் தீயும் அறிவும் பாடினர். இசை சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாடல் என்று அறிவு கூறியிருக்கிறார். அக்காணொளியில் வள்ளியம்மாளும் தோன்றுகிறார். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவ்வரலாற்றின் பின்புலத்தில் நின்றவர்களில் ஒருவர் இங்கே திரையின் முன்னால் வருகிறார். ஒரு காணொளி வலியைப் பின்னால் மறைத்து நம்மைத் தேட வைக்கிறது. மற்றொன்று மறைக்கப்பட்டவரை முன்னால் அழைத்து வருகிறது. இரண்டு உத்திகளும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: சட்டகத்தின் நடுவில் யார், ஓரத்தில் யார்?

ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளான நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. இந்நாட்டின் பழைய தோட்டப் படங்களில் துரை நடுவில் அமர்ந்திருப்பார். மரம் சீவிய நம் பாட்டிமார்கள் பெயரின்றிக் கடைசி வரிசையில் நிற்பார்கள். அப்படங்களையும் நாம் பின்புலத்திலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.

வாசகர்களே, அடுத்த முறை ஒரு காணொளியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை வழக்கம்போல். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பாடுபவரைப் பார்க்காமல் பின்புலத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை, எந்தப் பொருள் திரும்ப வருகிறது, எங்கே வெட்டு விழுகிறது, எங்கே இசை மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முதல், கரு, உரி என்ற மூன்று தலைப்புகளின் கீழ் அக்குறிப்புகளை எழுதிப் பாருங்கள். பிறமொழிச் சொற்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளியில் மனனம் செய்த சொற்களே போதும். அவற்றைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாமல் வெளியே எடுத்து வருவோம்.