பைக் கம்பெனியுடையது, பாக்கி உங்களுடையது

கேள்வி: மாரிக்குப்பத்தில் அப்பாவின் பழைய மைன்ஸ் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய், மெஷின் செய்து விற்கும் ஒரு தனியார் கம்பெனியில் பதினொரு வருடமாக சர்வீஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. போன மாதம் கம்பெனி திவால் என்று உத்தரவாகி, யாரோ ஒருவர் வந்து பொறுப்பேற்று கேட்டைப் பூட்டிவிட்டார். கம்பெனி கொடுத்த பைக்கும் லேப்டாப்பும் என்னிடம் இருக்கின்றன. என் சொந்தக் காசில் வாங்கிய மைக்ரோமீட்டரும் ஸ்பேனர் செட்டும் உள்ளே லாக்கரில் மாட்டிக்கொண்டன. பாக்கி வரும்வரை பைக்கை விடாதே என்கிறார்கள் உடன் வேலை செய்தவர்கள். "மைன்ஸ் மூடினப்போ குவார்ட்டர்ஸை விடாம பிடிச்சுக்கிட்டோம், அதனாலதான் இன்னைக்குக் கூரை இருக்கு" என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மாரிக்குப்பம்)

பதில்: பைக்கையும் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரிடம், எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்கு முன் அப்பாவின் பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதில் பாதி உண்மை.

அப்பா சொல்லும் மைன்ஸ், அதாவது பாரத் கோல்டு மைன்ஸ், 1972-ல் உருவான மத்திய அரசு நிறுவனம். 1992-ல் நலிந்த நிறுவனமாக பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியத்துக்குப் போனது. அந்த வாரியம் 2000-ல் கலைத்துவிடலாம் என்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் கர்நாடக உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்தது. சொத்துகளுக்கு உலகளாவிய டெண்டர் விடலாம் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லைன் வீடுகளின் கதை மத்திய அரசின் முடிவுகளோடு பின்னிக்கிடந்த கதை. அரசுக் கம்பெனி என்பதால் அமைச்சரவை வரை போக முடிந்தது. உங்கள் முதலாளிக்கு ஏது அமைச்சரவை?

வீட்டைப் பற்றிச் சட்டமே தனியாக ஒரு வார்த்தை சொல்கிறது என்பதால்தான் அப்பா சொல்வது பாதி உண்மை என்றேன். கம்பெனியின் சொத்தை ஊழியர் முறையின்றிக் கையில் வைத்துக்கொள்வது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 452-ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். நீதிமன்றம் கெடு கொடுத்தும் திருப்பித் தராவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. வேலையை விட்டு நின்றவரும் தப்ப முடியாது. பழைய 1956 சட்டத்தின் 630-ஆம் பிரிவிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2020-ல் ஒரு திருத்தம் வந்தது. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி போன்ற நிதிகளையோ, விபத்து நஷ்டஈட்டையோ கம்பெனி தராமல் வைத்திருந்தால், குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யவில்லை என்பதற்காக ஊழியரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. நம் ஊரை நினைத்தே எழுதியது போல இருக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது. கவனியுங்கள், அந்தத் தயவு வீட்டுக்கு மட்டும். பைக்குக்கோ லேப்டாப்புக்கோ கிடையாது.

இன்னொரு வாதமும் உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். தையல்காரர் கூலி வாங்கும்வரை தைத்த சட்டையைத் தர மறுக்கிறாரே என்பார்கள். அந்த உரிமை அவருக்கு உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு தருகிறது. தன்னிடம் ஒப்படைத்த அதே பொருளில் உழைப்பைப் போட்டவருக்கான உரிமை அது. உங்கள் சம்பளம் அந்த பைக்கைப் பழுது பார்த்ததற்கான கூலி அல்லவே.

சரி, யாரிடம் கொடுப்பது? திவால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோகிறது. கேட்டைப் பூட்டினாரே, அவர்தான் இப்போது நிர்வாகம். ஐ.ஆர்.பி. என்பார்கள், இடைக்காலத் தீர்வு அலுவலர். பழைய முதலாளியோ, அவர் மைத்துனரோ, ஹெச்.ஆர். மேனேஜரோ வந்து "சாவியைக் குடுப்பா" என்றால் கொடுக்காதீர்கள். நாளைக்கு வண்டி காணாமல் போனால் உங்கள் தலையில் விழும். ஐ.ஆர்.பி.க்கு மெயில் அனுப்பி, அவர் எழுத்தில் சொல்லும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், லேப்டாப்பின் சீரியல் எண் எல்லாம் எழுதி, போட்டோ எடுத்து, கையெழுத்து ரசீது வாங்குங்கள். லேப்டாப்பில் எதையும் அழிக்காதீர்கள். இந்த ரசீதுக்கு இன்னொரு பலனும் உண்டு. நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள்தான் என்பதற்கு ஐ.ஆர்.பி. தரப்பே கையெழுத்துப் போட்ட சாட்சியாகிவிடும் அது. சம்பள ஸ்லிப் சரியாகத் தராத கம்பெனிகளில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி பாக்கிக்கு வருவோம். உங்களுக்குப் பணம் கொண்டுவரும் காகிதத்தின் பெயர் 'படிவம் டி'. தொழிலாளரும் ஊழியரும் தங்கள் பாக்கியை ஐ.ஆர்.பி.யிடம் கோரும் படிவம். தனித்தனியாகக் கொடுக்கலாம், எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி 'படிவம் ஈ'யிலும் கொடுக்கலாம். கோரிக்கை கேட்டு ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வந்திருக்கும். கம்பெனி பெங்களூரு என்பதால் அது கன்னடப் பேப்பராக இருக்கும். தமிழ்ப் பேப்பர் மட்டும் படிக்கும் வீடுகளில் இது கண்ணில் படாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கெடு பொதுவாகப் 14 நாள். உங்கள் கணக்கில் அது தாண்டியிருக்கும். பரவாயில்லை, தாமதத்துக்குக் காரணம் எழுதி 90 நாள் வரை கொடுக்க இடமிருக்கிறது. இந்த வாரமே அனுப்புங்கள். நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் கடைசியாகச் சம்பளம் ஏறிய பக்கம், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை இணையுங்கள். லேபர் கோர்ட்டில் தனியாக வசூல் வழக்குப் போடலாமா என்று யோசிக்க வேண்டாம். மனு ஏற்கப்பட்டதும் தொடங்கும் தடைக்காலம் ஓடும்வரை கம்பெனி மீது வழக்கு நகராது.

கம்பெனியை வாங்க ஆள் கிடைக்காமல் கலைப்புக்குப் போனால், 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் 53-ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்த படியில், கலைப்பு தொடங்கும் முன்னான 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு சமமாக நிற்கிறது. அதற்கும் கீழே மற்ற ஊழியர்கள், அவர்களுக்கு 12 மாதம் மட்டும். நீங்கள் டெக்னீஷியன், கையால் வேலை பார்ப்பவர். ஆகவே 'தொழிலாளர்' என்றே கோருங்கள். விசிட்டிங் கார்டில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று அச்சடித்திருந்தாலும் பார்த்த வேலைதான் கணக்கு. தொழிலாளரை வங்கியோடு சமமாக நிறுத்தும் இந்த யோசனை புதிதல்ல. 1985-லேயே பழைய கம்பெனிகள் சட்டத்தில் 529ஏ பிரிவாக வந்தது.

பி.எஃப். இந்த வரிசையிலேயே நிற்க வேண்டியதில்லை. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகள் கம்பெனி சொத்தாகவே கருதப்படா என்கிறது அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு. பாஸ்புக்கை மாதம் மாதமாகப் பாருங்கள்; சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதம் இருந்தால் பி.எஃப். அலுவலகத்துக்கும் எழுதுங்கள், படிவத்திலும் சேருங்கள். கிராஜுவிட்டி கொஞ்சம் சிக்கல். கணக்குக்கான மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பதினொரு ஆண்டுக்குப் பார்த்தால் சுமார் 1,26,900 ரூபாய். இதற்குக் கம்பெனி தனி நிதி வைத்திருந்தால் கவலையில்லை. வைக்காத இடங்களில் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் பி.எஃப்., கிராஜுவிட்டியை முழுதாகத் தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆனால் கம்பெனியை வாங்க வந்தவர்களின் மீட்புத் திட்டமே நிறைவேறாமல், 2024 நவம்பர் 7 அன்று கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டது. ஆகவே, முழுத் தொகையையும் கோருங்கள். கைக்கு வருவதற்கு முன் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஐ.ஆர்.பி. வேலைக்கு வரச் சொன்னால் போங்கள். நிறுவனத்தை நடத்துவதற்காகத் திவால் நடவடிக்கைக் காலத்தில் உண்மையில் வேலை பார்த்தவர்களின் சம்பளம் நடவடிக்கைச் செலவில் சேரும், அதாவது வரிசையின் முதல் படியில். ஏ.பி.ஜி. ஷிப்யார்டு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். வீட்டில் உட்கார்ந்திருந்த நாளுக்கு அந்த இடம் கிடைக்காது. "எல்லா பாக்கியும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் மைக்ரோமீட்டரும் ஸ்பேனர் செட்டும் கம்பெனி சொத்து அல்ல. பிறர் பொருள் கம்பெனி வளாகத்தில் கிடந்தாலும் அது ஐ.ஆர்.பி. எடுத்துக்கொள்ளும் சொத்தில் சேராது. லாக்கர் எண், வாங்கிய பில், பில் இல்லையென்றால் உடன் வேலை பார்த்த இருவரின் கடிதம், இவற்றை வைத்துத் தனியாக ஒரு மெயில் போடுங்கள். பைக்கை ஒப்படைக்கப் போகும் அதே நாளில் லாக்கரைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி ரசீது.